வல்லூற்றின் வழக்கு

தை மாதத்தில் கோடியக்கரைச் சேற்றுவெளியில் கொசு உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம். கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பறவை. எடை சுமார் 25 கிராம். வடதுருவத்தை ஒட்டிய பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு அஞ்சி இத்தனை தூரம் வருகிறது. அதே வடதிசையிலிருந்து பொரி வல்லூறும் வருகிறது.

வல்லூறு வானில் தெரிந்ததும் கரையே எழும்பிவிடுகிறது. கூட்டம் சுருள்கிறது, விரிகிறது. ஒரு கணம் வெள்ளை, மறுகணம் பழுப்பு. அந்தத் திரளுக்குள் ஒன்றைக் குறிவைப்பது கடினம். ஓரத்தில் பிரியும் ஒன்றுக்காக அது காத்திருக்கிறது. சிறகை ஒடுக்கி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் விழக்கூடிய பறவைதான். அப்படியும் பல பாய்ச்சல்கள் வீணாகின்றன.

வீணானதும் நாம் 'அப்பாடா' என்கிறோம். அந்த 'அப்பாடா'வைச் சற்று விசாரிக்க வேண்டும். உள்ளான் பிழைத்ததில் நமக்குச் சந்தோஷம். வல்லூறு பட்டினி கிடப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. உள்ளான் கொத்தித் தின்ற புழுக்களுக்காக யாரும் பெருமூச்சு விடுவதில்லை. அவை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இதை ஜீவகாருண்யம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

சோழர்கள் தங்கள் முன்னோன் என்று உரிமை கொண்டாடிய சிபியின் கதையில் நாம் புறாவையே நினைவில் வைத்திருக்கிறோம். துரத்தி வந்த பறவையும் அதில் நியாயம் கேட்கிறது: அடைக்கலம் கொடுத்தாய், சரி, என் பசிக்கு என்ன வழி? அரசன் அதைக் கல்லெறிந்து விரட்டவில்லை. வழக்கை ஒப்புக்கொண்டு, தன் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்தான். புறாவின் மேல் கொண்ட இரக்கத்துக்குப் பசித்தவன் விலை கொடுக்கவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை.

நம் காலத்தில் அந்த வழக்கு சபைக்கே வரவில்லை. வயலில் தெளித்த டி.டி.டி. மருந்து பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், சிறு பறவையிலிருந்து வல்லூற்றுக்கும் ஏறியது. மெலிந்துபோன முட்டை ஓடு, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே உடைந்தது. 1960-களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் பொரி வல்லூறே இல்லாமற் போயிற்று. அதன் மேல் யாருக்கும் பகை கிடையாது. 1972-இல் அங்கே மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர் வளர்த்துப் பறக்கவிட்ட குஞ்சுகளால் இனம் மெல்லத் திரும்பியது.

ஓடு மெலிந்ததை 1967-இல் உலகுக்குச் சொன்னவர் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேயர். பழைய ஓடுகளையும் புதியவற்றையும் அளந்து, நிறுத்துப் பார்த்தார். அந்தப் பழைய ஓடுகள், முட்டை சேகரிக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் ஒரு காலத்தில் கூடுகளிலிருந்து எடுத்துவந்து பஞ்சில் பொதிந்து வைத்திருந்தவை.