வட்டியின் அறமும் ஆண்டுக் கணக்கும்

கடனுக்கு வட்டி வாங்குவது தகுமா என்ற கேள்வியைச் சமயங்கள் நெடுங்காலமாக விவாதித்து வந்துள்ளன. முற்றிலும் விலக்கியோரும் அளவு வகுத்து அனுமதித்தோரும் தத்தம் நியாயங்களைச் சொன்ன அந்த விவாதத்துக்கு அடியில் இன்னொரு கேள்வியும் உண்டு: கடனின் உண்மையான விலையை அறியாமல் ஒருவர் கைநாட்டு வைத்தால், அதைச் சம்மதம் என்று கொள்ளலாமா?

தமிழ்நாட்டுச் சந்தைகளில் வழங்கும் தண்டல் இக்கேள்வியின் கூர்மையைக் காட்டும். 10,000 ரூபாய்க் கடனில் 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது அதன் ஒரு வகை. கேட்பவருக்கு இது நூற்றுக்குப் பத்து வட்டி என்றே படும். ஆனால் மறுநாள் முதலே தவணை கட்டப்படுவதால், கடன்பட்டவர் வசம் சராசரியாக நிற்பது சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால், தனிவட்டிக் கணக்கிலேயே அது ஆண்டுக்கு எண்பது சதவீதத்தை ஒட்டி வரும். முன்பிடித்தம், கட்டணங்கள், குறைந்துவரும் முதல் ஆகிய அனைத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வதே ஆண்டுச் செலவு வீதம். 12,000 ரூபாயை 12 சதவீத ‘பிளாட் ரேட்’டில், அதாவது முதல் குறைந்தாலும் தொடக்கத் தொகைக்கே வட்டி போடும் முறையில் வாங்கி, மாதம் 1,120 ரூபாயாக ஓராண்டு கட்டுபவரும் உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல் கொடுக்கிறார்.

வட்டியை ஒளிவின்றிச் சொல்லும் மரபு புதியதன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட பணத்தை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு ‘பொலிசை’ (வட்டி) செலுத்த இசைந்ததைப் பதிவு செய்கின்றன. இது ஆண்டுக்குப் பன்னிரண்டரை சதவீதம். கொடுத்தவர், வாங்கியவர், முதல், வட்டி யாவும் ஊரறியக் கல்லில் நின்றன. ஐரோப்பாவிலோ, 1311–12இல் வியன் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கம், வட்டித்தொழில் செய்வோர் ஒப்பந்தங்களை மறைத்து எழுதுவதைக் கண்டு, அவர்கள் தம் கணக்கேடுகளைக் காட்டியாக வேண்டும் என ஆணையிட்டது. வட்டியை விலக்கும் இசுலாமியச் சட்ட மரபும், தான் அனுமதிக்கும் முராபஹா விற்பனையில், அதாவது அடக்கவிலைக்கு மேல் இலாபம் வைத்து விற்கும் முறையில், அவ்விரண்டையும் வாங்குபவரிடம் விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்கிறது.

இவற்றைக் கொண்டு, விலையைத் திறந்து சொல்லிவிட்டால் அறம் நிறைவேறிவிடும் என்று முடிவுகட்ட இயலாது. மனுநூல் மாத வட்டியை வருண வரிசையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வெளிப்படையாகவே வகுத்து, தாழ்த்தி வைக்கப்பட்டவர் மீது மிகுந்த சுமையை ஏற்றியது. அதில் மறைவு எதுவும் இல்லை, நியாயமும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், வட்டி கொடுப்பவர் முழுமனத்தோடு கொடுப்பதில்லை, பணமின்றி முடியாத நெருக்கடியால் கொடுக்கிறார் என்று வாதிட்டார். அறியாமை நீங்கினாலும் நெருக்கடி நீங்குவதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும். விடியுமுன் சரக்கெடுக்க வேண்டிய காய்கறி வியாபாரிக்கு எண்பது சதவீதம் என்று எடுத்துச் சொன்னாலும், ஈடும் சம்பளச் சான்றும் கேட்காமல் அந்த நேரத்தில் பணம் தருபவர் தண்டல்காரர் ஒருவரே என்றால், வியாபாரி தண்டலைத்தான் வாங்குவார். அவருக்குக் கிடைத்திருப்பது விலை பற்றிய அறிவு. அவரிடம் இல்லாதது வேறொரு கதவு.

இன்றைய சட்டம் அறியாமை, நெருக்கடி ஆகிய இந்த இரு குறைகளையும் தனித்தனியே அணுகுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு ஆண்டுச் செலவு வீதத்தைக் குறிப்பிடும் முக்கிய விவரத் தாளைக் கடன் பெறுபவரிடம் அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்கு விதித்திருப்பது அறியாமைக்கு மருந்து. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைப் பெயர் சொல்லித் தடுக்கும் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் நெருக்கடியைச் சுரண்டுவதற்கு எதிரான அரண்.

ஆகவே, விலையை மறைத்துப் பெற்ற சம்மதம், வட்டி சிறியதாயினும் வஞ்சனையின் பாற்பட்டது. விலையைச் சொல்லிப் பெற்ற சம்மதம் வஞ்சனையினின்று நீங்கியது, ஆயினும் அதனாலேயே நியாயமாகிவிடாது. ஆண்டு வீதத்தைச் சொல்லிவிட்ட கடன் கொடுப்பவர் வாய்மைக் கடமையை முடித்திருக்கிறார். பிறர் தேவையை எவ்வளவு தூரம் தன் வருவாயாக்கலாம் என்ற பழைய கேள்விக்கு அவர் இனித்தான் விடை சொல்ல வேண்டும்.