நான்கு அழுகைகள்

சிலமலையிலிருந்து போடிக்குப் போய் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? தொட்டவுடன் தெரிந்துவிடும்: இது நிறம் மாறாதது, இது வெளுத்தது, இது வாய் வெடித்தது, இது 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும். அதே பெண்ணிடம், "ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கோபம், பயம், ஏக்கம், சலிப்பு எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டு, "மனசு சரியில்லை" என்று வாயைக் கட்டிவிடுவாள். அவளை மட்டும் சொல்வானேன்? படித்த நமக்கு 'டென்ஷன்' என்று இன்னொரு சாக்கும் கிடைத்திருக்கிறது.

"போகிறேன்" என்னாமல் "போய் வருகிறேன்" என்கிறோம். விளக்கை அணைக்கச் சொல்லாமல் குளிர வைக்கச் சொல்கிறோம். நன்னூலார் இத்தகைய வழக்குக்கு மங்கலம் என்று பெயரே கொடுத்திருக்கிறார். பிறர் மனம் நோகாதிருக்கச் செய்யும் இந்த உபசாரம் எனக்கும் பிடித்ததுதான். தன் மனத்தோடு பேசும்போதும் அது எதற்கு என்பதே என் கேள்வி.

தொல்காப்பியர் உபசாரம் பார்க்கவில்லை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அழுகைக்கு நான்கு காரணங்களை மெய்ப்பாட்டியலில் பிரித்து வைத்திருக்கிறார். இகழப்பட்டு அழுவது வேறு, இழந்து அழுவது வேறு.

எனக்குத் தெரிந்த அக்காள் ஒருத்தி, கணவர் இறந்து ஒரு வருஷமாகியும் இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தாள். வீட்டார் விதி என்றார்கள், மறந்துவிடு என்றார்கள். "மாமா நினைப்புத்தானா அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்தாள்.

"அதுக்கு அழுது முடிச்சாச்சு தம்பி. கிடங்கிலே அத்தனை பேர் முன்னாலே, காய் இருக்கான்னு என் மடியை மட்டும் உதறிக் காட்டச் சொன்னாங்க."

இளிவுக்கு அழுதவளுக்கு இழவுக்கான ஆறுதல் எப்படி ஒட்டும்?

அமெரிக்காவில் மாத்யூ லீபர்மன் என்ற உளவியலாரும் அவர் குழுவினரும் 2007-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் படத்தில் காட்டி, அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, பார்த்தவர்களுடைய மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதியின் பரபரப்புக் குறைந்ததாம். படத்து முகத்துக்கும் சொந்த மடிக்கும் தூரம் அதிகம். ஆகவே இதை நான் பெரிதாக முழக்கவில்லை.

அக்காளின் அவமானமும் சொன்ன மாத்திரத்தில் போய்விடவில்லை. மறுநாள் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கணக்கை முடித்து வாங்கி வந்தாள். இப்போது வேறு கிடங்கில் வேலை. அங்கேயும் சோதனை உண்டாம்; ஆனால் மேஸ்திரியும் வரிசையில் நின்று வேட்டியை உதறிக் காட்டுகிறாராம்.