பிள்ளைகளுக்கு எந்தக் கிணற்றை விட்டுச் செல்கிறோம்?



அண்மையில் கரையோரப் பங்கொன்றிலுள்ள பாடசாலைக்குச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்பில் புவி வெப்பமடைதல் பற்றிய பாடம். கரும்பலகையிலிருந்த வடதுருவப் பனிப்பாறையின் படத்தைப் பிள்ளைகள் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தார்கள். பின்வாங்கிலிருந்த சிறுமி ஒருத்தி எழுந்தாள். "சுவாமி, எங்கட கிணறு உப்பாப் போச்சுது. அம்மா குடத்தோட பவுசரைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு உடனே சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தக் கேள்வி வீடு வரைக்கும் என்னுடன் வந்தது.

ஆதியாகமத்தில் ஈசாக்கின் வரலாற்றை நாம் அறிவோம். தகப்பனாகிய ஆபிரகாமின் காலத்தில் தோண்டப்பட்ட கிணறுகளைப் பிலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டனர். ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டி, தகப்பன் இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டான். ஆபிரகாம் மகனுக்கு ஆடுமாடுகளை மட்டுமன்றிக் கிணறுகளையும் விட்டுச் சென்றான். வளமான பூமி என்று பெயர் பெற்ற நம் குடாநாட்டில், நாம் நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் கிணறு எத்தகையது?

வற்றாத ஆறு ஒன்றும் நமக்கில்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியே நமது ஆறு. அந்த மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி மேலெழும். கடல் உயர்ந்தாலும் தீங்கே. 1901 முதல் 2018 வரை உலகின் கடல் மட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. ஆகவே கரும்பலகையிலிருந்த பனிப்பாறைக்கும் அச்சிறுமியின் கிணற்றுக்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பை எடுத்துக் காட்டாத பாடம் பரீட்சைக்கு உதவலாம், வாழ்வுக்கு உதவாது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. கிணறு உவர்த்ததற்கான பழி முழுவதையும் தூரதேசத்துப் புகைபோக்கிகள் மீது போட்டுவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. பிலாத்துவும் அப்படித்தான் கைகழுவினான். துலா மிதித்து அளவோடு இறைத்தனர் நம் முன்னோர். நாமோ மோட்டரைப் போட்டுவிட்டு மறந்து போகிறோம். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் அளவுக்கு மிஞ்சி இட்ட பசளை, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றாக இறங்கியிருக்கிறது. மழைநீரை ஏந்தி நிலத்துக்குக் கொடுத்த குளங்களையும் கேணிகளையும் குப்பையால் தூர்த்தவர்கள் பிலிஸ்தியர் அல்லர், நாமே.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் மற்றவர்களிடம் கணக்குக் கேட்கும் தகுதி நமக்கு வருகிறது. கேட்கத்தான் வேண்டும். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் சுற்றாடலில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. ஒரு கிராமத்துக்குப் பொருந்தும் நீதி உலகத்துக்குப் பொருந்தாதா? உலகத்தை வெப்பமாக்கும் வாயுக்களில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டில் 600 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மலையகத்தில் மண்சரிந்த சரிவுகளில் குடியிருந்தவர்கள் யார்? வேறிடத்தில் வீடு கட்ட ஒரு துண்டு நிலமும் இல்லாத ஏழைகள் அல்லவா அவர்களில் பலர்?

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் இதையே அழுத்திக் கூறினார். பூமி படும் வேதனையையும் ஏழை படும் வேதனையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்றார். செல்வந்த நாடுகள் வறிய நாடுகளுக்குக் கடன்பட்டிருக்கின்றன என்றார். பின்வரும் சந்ததிக்கு இவ்வுலகைப் பழுதின்றிக் கையளிப்பது நமது தயவு அன்று, அவர்களுக்குரிய நீதி என்றும் போதித்தார்.

இவையெல்லாம் பெரியவர்கள் பேசும் காரியம், பாடசாலைப் பிள்ளைகளால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். பசிபிக் சமுத்திரத்தில் வனுவாட்டு என்றொரு சிறு தீவு நாடு உண்டு. அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள், 2019இல், காலநிலை பற்றி நாடுகளின் கடமை யாதென்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்கலாம் என்று எண்ணினார்கள். வனுவாட்டு அரசு அவர்களின் எண்ணத்தை ஏற்று உலக நாடுகளிடம் கொண்டு சென்றது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அக்கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23ஆம் திகதி, காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் ஈடு செய்யும் பொறுப்பும் எழலாம் என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள். வகுப்பறையில் எழுந்த கேள்வி ஹேக் நகர் வரை சென்றது.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பாடசாலைக் கிணற்றையே பாடநூலாக்குங்கள். மாதம் ஒருமுறை பிள்ளைகள் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளக்கட்டும். மழைமானி ஒன்றை வைத்து மழையைக் குறிக்கட்டும். எந்தக் கிணறு எந்த ஆண்டில் உவர்த்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். ஐந்து ஆண்டுகள் எழுதிய கொப்பி, பிரதேச சபையின் முன்னும் அமைச்சரின் முன்னும் வைக்கத்தக்க சாட்சியாகும். பிள்ளைகளை அச்சுறுத்தி அனுப்பாதீர்கள். அளக்கவும் கேட்கவும் பழக்கி அனுப்புங்கள்.

பெற்றோரே, பிள்ளை வந்து "அப்பா, மோட்டரை நிப்பாட்டுங்கோ" என்றால் சினக்காதீர்கள். கூரையில் விழும் மழைநீரை ஒழுங்கைக்கு விடாமல் வளவுக்குள்ளேயே இறக்குங்கள். பங்குச் சபைகளே, கோவில் வளவிலுள்ள கேணியை வரும் மாரிக்கு முன் தூர்வாருங்கள்.

ஈசாக்கின் ஆட்கள் புதிதாகத் தோண்டிய முதற் கிணற்றுக்கு வாக்குவாதம் வந்தது. இரண்டாவதற்கும் பகை வந்தது. அவன் மனந்தளராமல் மூன்றாவதைத் தோண்டினான். அங்கே சண்டை இல்லை, எல்லாருக்கும் இடமிருந்தது. இடம் என்ற பொருள்படவே அதற்குப் பெயரும் இட்டான்.

அச்சிறுமிக்கு நான் சொல்ல வேண்டிய விடை இதுதான்: "பிள்ளை, நீ பிழை ஒன்றும் செய்யவில்லை. பிழை செய்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள், இங்கும் அங்கும்." அடுத்த வாரம் அந்த வகுப்புக்குத் திரும்பவும் போய் இதைச் சொல்லப் போகிறேன். வெறுங்கையோடு போக மனமில்லை. ஓர் அளவுகயிறும் கொண்டுபோகிறேன்.