மலையில் உறையும் கடவுள்

எங்கும் நிறைந்த பரம்பொருளுக்கு ஒரு குறிப்பிட்ட மலைதான் வேண்டுமா என்ற வினா, ஒடிசாவின் நியமகிரியைப் பற்றிச் சிந்திக்கும்போது வெறும் தத்துவ விசாரமாக நின்றுவிடுவதில்லை. அடர்ந்த வனம் போர்த்த அம்மலைத்தொடரை நியமராஜா என்னும் தெய்வத்தின் வாசஸ்தலமாக வழிபட்டு வாழும் டோங்கிரியா கோந்தர் என்ற பழங்குடியினர், அதன் உச்சியிலுள்ள பாக்சைட்டுக்காகச் சுரங்கம் தோண்டும் முயற்சியை வேதாந்தா நிறுவனம் முன்னெடுத்தபோது எதிர்த்து நின்றார்கள். அவர்களுடைய சமய உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து தீர்மானிக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் பணிக்க, கூடிய 12 சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. ஆயினும் மாவோயிஸ்டுகளுக்கும் பாதுகாப்புப் படையினருக்கும் இடையே நிகழ்ந்துவந்த மோதல், அந்த எளிய மக்களையும் சந்தேகத்துக்கு ஆளாக்கியது.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள திரியாயில் வாழ்கின்றவர்களுக்கு இத்துயரம் அந்நியமானதன்று. பண்டை வணிகரின் பக்தியை வடமொழியில் போற்றும் பாறைக் கல்வெட்டைத் தாங்கிய கிரிகண்டிச் சைத்தியக் குன்றும், வடக்கே புல்மோட்டையில் இல்மனைட் அகழப்படும் கடற்கரையும், 1985 இல் வன்முறைக்கு அஞ்சி மக்கள் விட்டகன்ற வயல்களும் அடுத்தடுத்து அமைந்த பூமி இது.

பரம்பொருளுக்கு மலை வேண்டியதில்லை என்பது மெய்யே. ஆனால் வரம்புடைய மனிதன் வரம்பிலாததை அணுகுவதற்கு ஓர் இடம் இன்றியமையாதது. அவ்விடத்தைப் பறிப்பவர் மண்ணை மட்டுமன்றி, தலைமுறைகள் பயின்ற உபாசனையையும் பறிக்கிறார். கனிமம் தேசத்தின் செல்வமெனில், அங்கே வாழ்வோரின் பக்தியும் தேசத்தின் செல்வமே. ஆகவே, எந்நாட்டு அரசாயினும், ஒரு மலையைத் தொடுமுன் அதன் அடிவாரத்தில் வழிபடுவோரின் சம்மதத்தைப் பெறுவதே தர்மம்.