துணிவும் அதன் எல்லையும்

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மலையகத்துக் குன்றுகள் மோட்டார்ப் பந்தய ஒலியால் அதிர்வது நெடுநாளைய வழக்கம். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் மண் தடமும் இவ்வழக்கில் இடம்பெற்றதே. இத்தகைய போட்டியில் இறங்க வேண்டுவது யாது? துணிவு என்பர் பலர். அவ்விடை போதுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மண் தடம் தார்ச்சாலை அன்று. சரளையிற் சக்கரம் பிடிமானம் இழக்கும். வளைவிற் காரைச் சறுக்கவிட்டே திருப்ப வேண்டும். முன்செல்லும் கார் எழுப்பும் புழுதி பின்வருவோனின் பார்வையை மறைக்கும். பிரேக்கை அழுத்தினும் கார் உடனே நில்லாது. ஆதலின், வேகத்தைக் கூட்டுதல் மட்டுமன்றி, அதனை விட்டுக்கொடுக்க வேண்டிய கணத்தை அறிதலும் சாரதியின் திறமையாகும். மஞ்சட் கொடி அசையின், வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பினும், எவரையும் முந்தாது வேகத்தைத் தணித்தல் வேண்டும்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் கவிழ்ந்தது. பின்னர் மற்றொரு கார் தடம் விலகி மக்கள் நடுவே பாய்ந்தது. எழுவர் மாண்டனர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் தடப் பணியாளர் நால்வரும் அவருள் அடங்குவர்.

சாரதிக்குத் தலைக்கவசமும் இருக்கைப் பட்டியும் உருக்குக் குழாய்க் கூடும் உண்டு. தடத்தோரம் நிற்போர்க்கு அவற்றுள் ஒன்றுமில்லை. தன்னுயிரைப் பணயம் வைத்தல் துணிவு எனப்படலாம். பிறர் உயிரையும் அதனோடு சேர்த்து வைக்கும் உரிமையை எவர் தந்தார்?

"பார்வையாளர் தாமே விரும்பி வந்தனர் அன்றோ?" எனச் சிலர் வினவக்கூடும். ஆபத்தின் அளவை அறிந்தவரது இசைவே இசைவாகும். எட்டு வயதுக் குழந்தையிடம் அதனை எதிர்பார்த்தல் எங்ஙனம்? தடப் பணியாளர் அறிந்தே நிற்பவர். ஆயினும், எந்தப் போட்டியிலும், தாம் காட்டும் கொடிக்குச் சாரதி பணிவான் என்னும் நம்பிக்கையன்றி அவர்க்கு வேறு கவசம் இல்லை.

1955இல் பிரான்சின் லு மான்ஸ் பந்தயத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபின், சுவிற்சர்லாந்து சுற்றுத்தடப் பந்தயங்களைப் பல தசாப்தங்களுக்குத் தடைசெய்தது. தடை ஒன்றே வழி என்பதன்று. மக்களைத் தடத்தினின்று தொலைவில், உயர்ந்த மண் அணைக்கு அப்பால் நிறுத்தலாம். அவர்கள் நெருங்கி வரின் போட்டியையே நிறுத்தலாம். கூடிநிற்கும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவ்வாறு நிறுத்துதற்கும் துணிவு வேண்டும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை வள்ளுவர் அறிவுடைமையின்பாற்படுத்தியதும் ஈண்டு நோக்கத்தக்கது.

பூண்டுலோயாவின் மலைப்பாதை முடக்குகளில் கொழுந்து லொறிச் சாரதி ஒலியெழுப்பி வேகந் தணிப்பது, அப்பால் வரக்கூடிய, தான் காணாத ஒருவர் பொருட்டேயாகும். பந்தயத்தில் இறங்குவோனுக்கும் முதலில் வேண்டுவது அந்த நினைவே.