கூட்டத்தோடு கற்பதா, தனித்துக் கேட்பதா?

மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் அறியாதார் நம்மில் ஒருவருமிலர். மூட்டையாகத் தள்ளினால் செலவு குறையும். கால் கிலோவாக நிறுத்துக் கொடுத்தால் ஆளும் நேரமும் பிடிக்கும். சரக்கிற்கு இது சரி. அறிவையும் இவ்விதமே மூட்டையாக அளந்து கொடுக்கலாமா என்பதுதான் வினா.

அமெரிக்காவில் 65 வயது நிரம்பியோருக்கும் உடற்குறையுற்ற சிலருக்கும் அரசாங்கம் நடத்தும் மருத்துவக் காப்புறுதிக்கு மெடிகேர் என்று பெயர். 1965இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது அது. 1997ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், நீரிழிவு கண்டோர் (இனிப்புநீர் என்றே நாம் சொல்வோம்) தம் நோயைத் தாமே ஆளக் கற்பதற்கும் இக்காப்புறுதியிலிருந்து பணம் கொடுக்க வகை செய்தது. இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்தல், ஊசி போட்டுக்கொள்ளல், உணவை அளவிடல், பாதத்தைப் பேணல் முதலியன பாடங்கள். முதற் கல்விக்குப் பன்னிரண்டு மாதத்துள் 10 மணி நேரம். அதில் 9 மணி கூட்டத்தில். தனியே கேட்பதற்கு ஒரே ஒரு மணி. கூட்டமென்றால் 2 பேர் முதல் 20 பேர் வரை.

இதனைக் கஞ்சத்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. 2005இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 11 ஆய்வுகளில் இருந்த 1,532 பேரின் விவரங்களைப் பார்த்து, கூட்டத்தில் பயின்றோருக்கு இரத்தச் சர்க்கரை தணிந்ததெனக் கண்டது. வியப்பில்லை. சோற்றைக் குறை என்று வைத்தியர் நூறு முறை சொன்னாலும் ஏறாதது, பக்கத்து நாற்காலிக்காரர் தாம் எப்படிக் குறைத்தார் என்று சொல்லும்போது ஏறிவிடுகிறதே! மேலும் பொதுப் பணம் ஒருவருக்கே செலவானால் மற்றொருவருக்கு இல்லாமற் போகும். கூட்டமே பொது விதியாக இருப்பதில் எமக்குப் பெரிய ஆட்சேபமில்லை.

ஆட்சேபமெல்லாம் விலக்கைப் பற்றியதே. வைத்தியர் உத்தரவிட்டு 2 மாதத்துக்குள் கூட்ட வகுப்பு கிடைக்காவிடினும், கண், செவி, மொழி ஆகியவற்றில் கடுங்குறை இருப்பினும், கூட்டத்தில் பயில முடியாதபடி வேறு தடை உண்டென வைத்தியர் கருதினும், தனிக்கல்விக்குப் பணம் உண்டு. ஆனால் அந்தக் குறையை வைத்தியர் எழுத்தில் காட்டவேண்டும். வைத்தியர் எழுத வேண்டுமானால் நோயாளி கேட்கவேண்டும். கேட்க வேண்டுமானால் இப்படியொரு விலக்கு உண்டென்பது தெரிந்திருக்கவேண்டும். ஆங்கிலம் அறியாத ஒரு மூதாட்டி இதை யாரிடம், எம்மொழியில் கேட்பார்? எவருக்காக விலக்கு வைத்தார்களோ, அவருக்கே அதைக் கேட்கும் வாய் இல்லை.

நாணம் என்றொன்றும் உண்டு. இந்நோயினால் ஆண்மை குன்றினால், அதை இருபது பேர் நடுவில் எழுந்து கேட்பவர் யார்? அவர் கேளாமலே வீட்டிற்குப் போவார். ஏட்டில் கற்றவராகக் கணக்கு ஏறிவிடும். விதியில் கண்ணும் செவியும் பெயர் சொல்லி நிற்கின்றன, நாணம் நிற்கவில்லை. வைத்தியர் மனம் வைத்தால் மற்றத் தடைகளோடு சேர்க்கலாம், வைக்காவிடில் இல்லை.

இதற்கிடையே, 2011, 2012ஆம் ஆண்டுகளின் கணக்கை ஆராய்ந்தபோது, புதிதாக நோய் கண்ட மெடிகேர் உறுப்பினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே இக்கல்வியைப் பெற்றிருந்தனர். தூரம், வைத்தியர் சொல்லாமை, ஐந்திலொரு பங்குக் கட்டணத்தைத் தாமே செலுத்தவேண்டியிருத்தல் எனக் காரணங்கள் பல இருக்கலாம். பழியனைத்தையும் கூட்ட விதியின் மேல் போடுவது நியாயமாகாது. ஆயினும் பெரும்பங்கு இருக்கை காலியாய்க் கிடக்கும் கடையில், சில்லறை கேட்டு வருபவரிடம் சீட்டு எங்கே என்று அதட்டுவானேன்?

எமது எண்ணம் இது: பத்து மணியில் மூன்றையாவது நோயாளியின் விருப்பத்திற்கு விட்டுவிடலாம். காரணம் கேட்க வேண்டாம், கடிதமும் வேண்டாம். கூட்டத்தில் இருக்க விரும்புவோர் அந்த மூன்றையும் கூட்டத்திலேயே கழிக்கட்டும். செலவு சற்றுக் கூடும்தான். பாதத்தில் புண் புரையோடிக் காலையே எடுக்க நேர்ந்தால் அதே காப்புறுதி எவ்வளவு கொடுக்கவேண்டி வரும் என்பதையும் பேரேட்டின் மறுபக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.