வணங்கிவிட்டால் தீர்ந்துவிடுமா?

கர்நாடகத்தின் தட்சிண கன்னட, உடுப்பி மாவட்டங்களும், கேரளத்துக் காசர்கோட்டின் வடபகுதியும் சேர்ந்ததே துளு நாடு. அங்கே மழைக்காலம் ஓய்ந்த பிறகு 'பூத கோலா' எனும் விழாக்கள் ஊர்தோறும் நடைபெறும். பெயரைக் கேட்டு அன்பர்கள் அஞ்ச வேண்டாம். பூதம் என்பது அங்கே பேயன்று, ஊரைக் காக்கும் தெய்வம். பன்றி வடிவான பஞ்சுர்லி, குளிகன் எனப் பல தெய்வங்கள் உண்டு. நம் சிந்தனைக்கு உரியவர்கள் கல்குடன், கல்லுர்ட்டி என்ற அண்ணனும் தங்கையும்.

கல்குடன் ஒரு சிற்பி. கார்க்களத்தில் குன்றின்மேல் நிற்கும் கோமடேசுவரர் சிலையைச் செதுக்கியவன் அவனே என்பது கதை. இதுபோல் இன்னொன்றை அவன் வேறு யாருக்கும் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று அரசன் அவனது இடக்கையையும் வலக்காலையும் வெட்டுவித்தானாம். எஞ்சிய கையைக் கொண்டே அவன் வேணூரில் மற்றொரு சிலையைச் செய்து முடித்தான். (கார்க்களச் சிலை 1432இலும் வேணூர்ச் சிலை 1604இலும் நிறுவப்பட்டவை. கணக்குப் பார்த்தால் கதை பொருந்தாது. ஆனால் கணக்குப் பார்த்து யாரும் கும்பிடுவதில்லை.) அண்ணனின் கோலத்தைக் கண்டு தங்கை கொதித்தாள். இருவரும் தெய்வங்களாகி அரசனை வாட்டினர். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனை மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் வணங்கும் நமக்கு இது புதிய கதையன்று.

அநியாயம் இழைக்கப்பட்டவனைத் தெய்வமாக்கி வணங்கினால் அந்த அநியாயம் தீர்ந்துவிடுமா? இதுவே நம் கேள்வி.

கோலா ஆடுபவர்கள் நலிகே, பம்பதா போன்ற சமூகத்தினர். நெடுங்காலம் தீண்டத்தகாதவர்கள் என ஒதுக்கப்பட்டவர்கள். குருத்தோலை உடுத்தி, முகத்தில் வண்ணம் தீட்டி, காலில் 'கக்கர' என்னும் பெருஞ்சிலம்பை அணிந்ததும் அவர் தெய்வம். நிலக்கிழார் கைகட்டி நிற்பார். ஊர் வழக்குகளைத் தெய்வம் விசாரிக்கும். நிலக்கிழாரையே கடிந்து பேசும். சாயத்தைக் கழுவிவிட்டால் அதே மனிதர் முற்றத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதுதான் பழைய வழக்கம்.

வாயற்றவனுக்கு ஓர் இரவாவது வாய் கிடைக்கிறதே, அது சிறிய காரியமா என்று சிலர் கேட்பர். சிறியதன்றுதான். எந்த நீதிமன்றமும் அந்த ஏழைக்கு அதைக்கூடத் தந்ததில்லை. ஆயினும் நமக்கு மனம் ஒப்பவில்லை. கல்குடனுக்கு அஞ்சிப் படையல் இடுகிறவர், அவன் குரலில் பேசியவருக்கு மறுநாள் திண்ணையில் இடம் தராவிட்டால், அவர் செலுத்தியதை வணக்கம் என்பதா, கப்பம் என்பதா? அச்சத்தால் கட்டும் கப்பத்தில் வருத்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. அரசன் கடைசிவரை வருந்தினானா என்று நாமும் கதையைக் கேட்கும்போது கேட்பதில்லை. தண்டனை பெற்றான் என்றதும் நிறைவடைந்து விடுகிறோம்.

60 வயதைக் கடந்த தெய்வ நர்த்தகர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை என்று கர்நாடக அரசு 2022இல் அறிவித்தது. இரவு முழுதும் சிலம்பு கட்டி ஆடிய கால்கள் அதற்குள் தளர்ந்திருக்கும்.